கோள்காரியும் கொத்தமல்லியும்

நான் கண்டியில் வாடகைக்கு இருந்த வீட்டின் தாத்தா ஒரு பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இலங்கை முஸ்லிம்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அப்பாவின் அப்பா. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளுக்கோ அது பெற்ற தகப்பன். ஹந்தானைக்கு ஏறும் பாதையில் ஒரு குறுக்கு லேனில் இருந்த அந்த வீட்டுக்காரியை லேன் முழுவதும் தாத்தா என்றே கூப்பிட்டது. நானும் கூப்பிட்டேன். முதல் மாதம் அம்மா போனில், "அந்த வீட்டுக்கார தாத்தா நல்ல மனுசன்தானா? பொம்பளப் புள்ள தனியா இருக்க..." என்று இழுத்தபோதுதான், நான் எதையும் விளக்காமலே இத்தனை நாளும் கதைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

தாத்தாவுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. கணவர் காலமாகிச் சில வருடங்கள். ஒரே மகன் தெஹிவளையில் குடும்பத்தோடு இருந்தார். கீழ் வீட்டில் தாத்தா, மேல் அறையில் நான். நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்தேன்.

அவருக்கு மறதி. மறதிக்காரர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். எங்கள் பாமசிக்கு வருபவர்களில் பாதிப் பேர் மருந்துத் துண்டை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். விட்டுவிட்டு வந்ததை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மனைவி தரவில்லை, டொக்டர் எழுதவில்லை என்று யார் தலையிலாவது கட்டுவார்கள். தாத்தா அப்படியில்லை. "எனக்கு மறக்கும்" என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமும் இராது, கவலையும் இராது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார். பிறகு, தன்னை நம்பத் தேவையில்லாத ஒரு ஏற்பாட்டைச் செய்துவிடுவார்.

வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, தேத்தண்ணி வடிகட்டும் வடியில் தொங்கும். தேத்தண்ணி குடிக்காமல் அவர் படி இறங்கியதே கிடையாது. ஆகவே திறப்பை விட்டுவிட்டுப் போக வழியில்லை. அடுப்பில் கறியை வைத்துவிட்டு வெளியே வந்தால் கையில் அகப்பையோடு வருவார். அகப்பை கையில் இருக்கும்வரை கறி நினைவிருக்கும். அப்படியே நின்று அரை மணித்தியாலம் லேன் கதை கதைப்பார், அகப்பையை ஆட்டி ஆட்டி. ஒருமுறை அகப்பையோடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று மகன் சொல்லிச் சிரிப்பார். தாத்தா அதை மறுத்ததில்லை. "ஏறின ஒடனே அகப்பயக் கண்டு எறங்கிட்டேனே. கறி கருகல்ல" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் டீச்சர் அந்தப் பூச்சாடியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சர் முன்வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மறதி என்றால் என்னவென்று அறியாத மனுசி. வீதியில் எதிர்ப்படும் நடுத்தர வயதுப் பெண்ணை மறித்து, "நீங்கள் எட்டாம் வகுப்பில கடைசி வரிசை வாங்கில இருந்த பிள்ளையல்லோ?" என்று கேட்பார். அந்தப் பெண்ணும் திடுக்கிட்டு நிமிர்ந்து நிற்பாள். லேனில் யாருடைய பிறந்தநாள் எப்போது, யார் வீட்டில் யார் இறந்த நாள் எப்போது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாத்தாவின் சொந்த வாப்பாவுக்குக் கத்தம் ஓதும் நாளை டீச்சர்தான் வேலிக்கு மேலால் சொல்லிவிடுவார்.

டீச்சர் எல்லோரையும் 'நீங்கள்' என்பார், மீன்காரரைக்கூட. தாத்தாவை மட்டும் 'நீர்'. "தங்கச்சி, நீர் தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?" எனக்கு முதலில் அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எங்கள் பக்கம் 'நீ' இருக்கிறது, 'நீங்க' இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தாரிடம் ஒரு நடுவிடம் உண்டு என்பதும், டீச்சர் அதைத் தாத்தா ஒருவருக்கென்றே வைத்திருந்தார் என்பதும் போகப் போகத்தான் விளங்கியது.

கனடாவில் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் டீச்சர் புறப்பட்டார். வீட்டைப் பூட்டி, வான் வந்து நின்ற பிறகு, அந்தச் சாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கறுத்த கம்பிபோல மெல்லிய தண்டு, அசல் கொத்தமல்லி இலைபோலவே இலை. பன்னத்தில், அதாவது பெரணியில், ஒரு சாதியாம். டீச்சரின் கணவர் சாவதற்கு முந்திய வருடம் வாங்கி வந்தது. வெயில் ஆகாது, காற்று ஆகாது. மண் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. டீச்சர் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். தாத்தா அதை அந்த இடத்திலேயே மறந்து, கொத்தமல்லி என்று பெயர் வைத்துவிட்டார்.

"தங்கச்சி, மறக்காமத் தண்ணி விடும், என்ன."

"மறப்பேன் டீச்சர்," என்றார் தாத்தா. "ஆனா சாக விட மாட்டேன்."

டீச்சர் சிரித்தார். "அது காணும், அவ்வளவும் போதும்."

அந்தக் கிழமை தாத்தாவின் மகனும் வந்திருந்தார். வான் போனதும் அவர் சாடியைச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல மனுசன்; தாயில் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் அவருக்குப் பயம். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மூட்ட மறந்தது, இரவு கதவைப் பூட்டாமல் படுத்தது என்று தாயைப் பற்றி அவர் கேள்விப்பட்ட கதைகள் பல.

"உம்மா, அடுப்ப நிப்பாட்டின நெனப்பே ஒங்களுக்கில்ல. இத எப்பிடிப் பாக்கப் போற? வீட்டப் பூட்டிட்டு எங்களோட வாங்களேன்."

"இது அமானிதம் மகன்."

"அதத்தான் நானும் செல்றேன். டீச்சர் வரக்கொள்ள இது உசிரோட ஈந்தா, தெஹிவளக் கதய நான் எடுக்கவே மாட்டேன். செத்திட்டா நீங்க வரணும்."

அவர் அதைப் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். தாத்தா முழுதாக எடுத்துக்கொண்டார். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுமையில் கேள்வி உண்டு. இப்போது அந்தக் கேள்வியோடு அவருடைய வீடும் சேர்ந்துவிட்டது. கணவரோடு வாழ்ந்த வீடு, லேன், வேலிக் கதை, அகப்பை எல்லாம் ஒரு சாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

"எனக்கு மறக்காத ஒரே காரியம் தொழுகதான்," என்று யோசித்தார். சாடியைக் கொண்டுபோய் ஒழு எடுக்கும் குழாய்க்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார். தொழுகைக்காகக் கைகால் கழுவும் ஒவ்வொரு வேளையும் சாடிக்கும் ஒரு கை தண்ணீர். மறக்க வழியே இல்லை. அவரும் மறக்கவில்லை. ஐந்து வேளையும் அள்ளி அள்ளி ஊற்றியதில் இலை மஞ்சளித்து, மண் நாறத் தொடங்கியது. மறதிக்காரர் கையில் செடி காய்ந்து சாகும் என்றுதான் நான் காத்திருந்தேன். நனைந்து சாகப் போகும் என்று நினைக்கவில்லை. தாத்தா சாடியைக் கவிழ்த்து, அழுகிய வேரைக் கிள்ளி எறிந்து, புதுமண்ணோடு தும்பு கலந்து திருப்பி நட்டார்.

"அஞ்சு வேள எனக்குத்தான் கடம. இதுக்கில்ல" என்றார்.

பிறகு ஜும்மாவுக்கு ஜும்மா என்று மாற்றினார். வெள்ளிக்கிழமையை அவரால் மறக்க முடியாது, பள்ளி ஒலிபெருக்கி மறக்க விடாது. ஆனால் மழைக்காலத்து வெள்ளிக்கிழமையில் மண் இன்னும் சதசதவென்று இருந்தது. வெயில் காலத்திலோ வெள்ளிக்கிழமை வருமுன்பே இலைநுனி கருகியது. "நாளப் பாத்துத் தாகிக்கிற சாமானில்ல இது புள்ள" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். மகன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, வாளித் தண்ணீரிலிருந்து சாடிக்கு ஒரு பழைய சாரத் துணியைக் கிழித்துத் திரி போட்டுக் கொடுத்தார். தாய் தோற்றால்தான் அவருக்குக் காரியம் ஆகும். ஆனாலும் வந்து திரி போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வாளிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் ஒன்று கற்றுக்கொண்டார். சாடியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். தண்ணீர் இருந்தால் பாரம், காய்ந்தால் லேசு. ஒரு விரலை மண்ணுக்குள் விட்டால் இன்னும் நிச்சயம். ஆனால் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதை யார் நினைவில் வைத்திருப்பது?

கோள்காரி வந்தது அப்போதுதான். பிலிமத்தலாவையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டோரம் பூக்கன்று விற்பவரிடம் நின்றோம். நீளமான கரும்பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக ஒன்று இருந்தது. "இதில ஒரு கரைச்சல் இருக்கு. தண்ணி கொறைஞ்சா அப்படியே தொய்ஞ்சு விழுந்திரும், ஊத்தினாத்தான் எழும்பும்" என்று அவர் நேர்மையாகச் சொன்னார். தாத்தா வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கரைச்சலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தேத்தண்ணி குடிக்கும் கதிரைக்கு நேரே, மேசைமேல் அதை வைத்தார். பக்கத்தில் கொத்தமல்லி. "இவ பொறுக்க மாட்டா. ஒடனே கோள் செல்லுவா" என்று பெயரும் வைத்தாயிற்று. கோள்காரி தொய்ந்தால் கொத்தமல்லிக்கும் தண்ணீர். காலையில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்தால் அவள் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

அதிலும் ஒரு இடைஞ்சல் இருந்தது. கோள்காரி விழுவதற்கு முந்தியே கொத்தமல்லியின் நுனி கருகிவிடும். பெரிய சாடியில் அவள் சொகுசாக இருந்தாள். தாத்தா இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவளைப் பிடுங்கி, அடியில் ஓட்டை போட்ட ஒரு சின்ன மாஜரின் டப்பாவுக்குள் நெருக்கி நட்டார். மண் குறைந்ததால் சீக்கிரம் காய்ந்தது, சீக்கிரம் விழுந்தாள். "சின்ன எடத்தில ஈக்கிறவளுக்குத்தான் வாய் கூட" என்று தாத்தா சிரித்தார். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த எனக்கு அது கொஞ்சம் குத்தியது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, என் அம்மாவின் வாய் எனக்குத் தெரியும்.

எல்லோரும் தங்கள் ஞாபகத்தைத் திடப்படுத்தப் பார்ப்பார்கள். அலாரம் வைப்பார்கள், வல்லாரை தின்பார்கள், நாளைக்கு மறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். தாத்தா தன் மண்டையைத் திருத்தப் போனதே இல்லை. மண்டை இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு சாமான்களை மாற்றி வைத்தார். நான் இப்போது கலியாணம் முடித்துப் பிலிமத்தலாவையில் இருக்கிறேன். என் சமையலறை ஜன்னலில் கோள்காரியின் பிள்ளை ஒன்று, அதேபோல ஒரு மாஜரின் டப்பாவில் நெருங்கிக்கொண்டு நிற்கிறது.

மூன்று மாதத்தில் டீச்சர் வரவில்லை. கொரோனா வந்து விமான நிலையம் பூட்டிக் கிடந்தது. அது திறந்தபோது இங்கே கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. இப்போதைக்கு வர வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். அவர் வட்ஸ்அப்பில் கூப்பிடுவார். தாத்தா நலம் விசாரிக்குமுன் சாடியைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார். "இடப்பக்கம் நுனி கருகியிருக்கு, பாரும்" என்பார் டீச்சர். கனடாவிலிருந்து பார்த்தாலும் அவருக்கு அது தெரியும். வரவர அழைப்புகள் குறைந்தன. கடைசியாகக் கூப்பிட்டபோது ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டார். லைன் சரியில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருட நோன்பில் ஒரு கூத்து நடந்தது. தாத்தாவின் மச்சி, அதாவது மைத்துனி, அக்குறணையிலிருந்து வந்திருந்தார். நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தாத்தா பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மேசையில் கொத்தமல்லி ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது.

"மச்சி, இதில இருந்தது எங்க?"

"கஞ்சிக்குப் போட்டேன். ஒங்கட கொத்தமல்லியில வாசமே இல்லயே. எங்க வாங்கின?"

தாத்தா பானையையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார். நோன்பு திறக்க நேரம் நெருங்கிவிட்டது, வேறு கஞ்சிக்கு வழியில்லை. "யா அல்லாஹ், அமானிதம் வயித்துக்குள்ள போனா எப்பிடி நான் திருப்பிக் குடுக்கிற?" என்று கரண்டியால் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். நானும் ஒரு கரண்டியோடு உட்கார்ந்தேன். பிறகு எல்லோருமாகக் கஞ்சியைக் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மச்சி வந்தால், கொத்தமல்லிக்குத் தாத்தா ஒரு முக்காடு போட்டுவிடுவார்.

இனிச் சொல்ல வேண்டியது சிரிக்கிற கதையில்லை.

மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசிய காலம். நான் தங்கையின் கலியாணத்துக்காகப் பன்விலைக்குப் போயிருந்தேன். லேன் முனையில் ஆட்டோ ஓட்டும் சிங்களப் பையன் எனக்குப் போன் எடுத்து, தாத்தா படியில் விழுந்துவிட்டார், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றான். அவர் சேர்ந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கலியாண வீட்டைக் கலைக்கக் கூடாது என்று என்னிடம் சொல்ல விடவில்லையாம். மகன் தெஹிவளையிலிருந்து வந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். நான் அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தேன். வாசலில் நின்றவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "தாத்தா வெட்டுணா" என்றேன். தாத்தா விழுந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் பரிதாபப்பட்டு என்னை ஆண்கள் வாட்டுக்கு அனுப்பிவிட்டார். கட்டில் கட்டிலாகத் தேடினேன். தகப்பனைத் தேடி வந்த மகள் என்று எல்லோரும் இரங்கிப் பார்த்தார்கள். மூலையில் ஒரு கிழவர் கையைக்கூட உயர்த்தினார். பெண்கள் வாட்டைக் கண்டுபிடிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாத்தாவின் வலது கையில் மாக்கட்டு. முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "புள்ள, கோள்காரி எனத்தச் செல்றா?"

நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. யாருமே போகவில்லை. திறப்பு அவருடைய தலையணைக்குக் கீழே, தேத்தண்ணி வடியோடு இருந்தது.

அன்று பின்னேரம் கதவைத் திறந்தேன். மேசையில் கோள்காரி டப்பாவுக்கு வெளியே நாலா பக்கமும் விழுந்து கிடந்தாள். அவள் தன் வேலையைச் செய்திருக்கிறாள், கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. கொத்தமல்லி மண்ணிறமாக நின்றது. தொட்டதும் இலை நொறுங்கி விரலில் ஒட்டியது. இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் கோள்காரி எழும்பிவிட்டாள். கொத்தமல்லியில் ஓர் அசைவும் இல்லை.

தாத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மகன் அதைப் பார்த்தார். வென்றவர்போலப் பேசவில்லை. தாயின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் உம்மா. இனி வாங்க" என்றார்.

அவர் வெளியே போன நேரம் நான் மெல்லச் சொன்னேன். "தாத்தா, பேராதெனிய ரோட்டுல இதே மாதிரி செடிக் கண்டு விக்கிறாங்க. ஒண்ணு வாங்கிட்டு வரவா? டீச்சருக்கு எங்க தெரியப் போகுது?"

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. "அது கண்டு, புள்ள. இது அமானிதம்."

கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தார். நான் சாடியைப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த தண்டு ஒவ்வொன்றையும் மண்மட்டத்துக்கு வெட்டினார். இடது கைக்குப் பழக்கமில்லை, கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் வெட்டித் தருகிறேன் என்றேன், விடவில்லை. எல்லாம் முடிந்ததும் வெறும் மண்தான் மிச்சம். அதை நனைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பொலித்தீன் பையைக் கவிழ்த்து, பழையபடி கோள்காரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகன் வந்து பார்த்துவிட்டு, "செத்ததுக்கு எனத்துக்கு உம்மா தண்ணி?" என்றார்.

"இல தானே காஞ்சீக்கி. வேரு செத்தேன்டு என்னட்டச் செல்லல்லயே." பிறகு, "டீச்சர் வரக்கொள்ளேன்டு தானே நீங்க சென்ன? டீச்சர் இன்னும் வரல்ல மகன்" என்றார்.

மகன் தாயை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகத் தெஹிவளைக்குப் போனார். நல்ல மனுசன் என்று நான் சொன்னேனல்லவா.

அந்த நாட்களில் வெறும் மண்ணைப் பார்ப்பதே எங்கள் வேலையாக இருந்தது. கோள்காரி தொய்ந்தால் அவளுக்கும் மண்ணுக்கும் தண்ணீர். வேலைக்கு இறங்கும்போது நான் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். தாத்தா பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் தேத்தண்ணிக் கதிரை மேசைக்கு இன்னும் கிட்டப் போயிருந்தது. அவர் அந்த வீட்டை விட்டுப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேறு அறை கிடைக்கும். அகப்பையோடு பஸ்ஸில் ஏறினாலும் இறக்கிவிட ஆட்கள் இருக்கும் லேன் அவருக்குத் தெஹிவளையில் எங்கே கிடைக்கும்?

கைக்கட்டு வெட்டிய பிறகு ஒரு காலை. நான் படி இறங்கி வந்தபோது தாத்தா பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மண்ணில் மயிர்போல ஒன்று, தலை சுருண்டு, மூக்குத்தி அளவுக்கு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா "ம்" என்றார். திரும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார். அன்று பின்னேரம் வீட்டில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் இருந்தது. என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் வந்தபோது கொத்தமல்லி சாடியை மூடி வளர்ந்திருந்தது. வருவதற்கு முதல் நாள் மகள் போன் எடுத்தார். "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி. நீங்கள் குறை நினைக்கக் கூடாது" என்றார். தாத்தா அதைக் கேட்டுச் சிரித்தார். மறதி என்றால் தனக்கு இருப்பதுபோல என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகன் தெஹிவளையிலிருந்து வந்துவிட்டார், தானும் இருக்க வேண்டும் என்று. தாத்தா விடியற்காலையிலேயே எழும்பி, பலகாரம் சுட்டு, புது மேசைவிரிப்புப் போட்டு, வீடெல்லாம் ஓடித் திரிந்தார்.

டீச்சர் மிகவும் சிறுத்துப்போயிருந்தார். கண்டி வெயிலிலும் தடித்த கம்பளிச் சட்டை. மகள் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். டீச்சர் எல்லோரையும் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். புது வகுப்புக்குள் நுழைந்த டீச்சரின் சிரிப்பு.

தாத்தா சாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், ஒங்கட அமானிதம்" என்றார்.

டீச்சர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வடிவா இருக்கு. ஆருடைய கண்டு இது? நீங்களோ வளர்க்கிறீங்கள்?"

நீங்கள் என்றார். மீன்காரரைச் சொல்வதுபோல. மகள் குனிந்து, "அம்மா, உங்கட கண்டுதானே, அப்பா வாங்கினது, ஞாபகமில்லையோ?" என்றார். டீச்சர் குழம்பிப்போய் மகளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

தாத்தா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஞாபகமில்லையா என்று மற்றவர்கள் தன்னிடம் கேட்டுக் கேட்டே வயதானவர் அவர். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாடியை டீச்சரின் மடியில் வைத்தார்.

"தூக்கிப் பாருங்க டீச்சர்," என்றார்.

டீச்சர் தூக்கினார். மடியிலிருந்து ஒரு சாண் உயரம். புருவம் சுருங்கியது. சாடியை இறக்கிவிட்டு, ஒரு விரலை இலைகளுக்கு நடுவே மண்ணுக்குள் விட்டார். விரலை எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிழையான கணக்கைக் கண்டதுபோல உச்சுக்கொட்டினார். சாடியைத் தூக்கித் தாத்தாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"காஞ்சுபோய்க் கிடக்கு. தங்கச்சி, மறக்காமத் தண்ணி விடும், என்ன."

தாத்தாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் சாடி.

"மறப்பேன் டீச்சர்," என்றார். "ஆனா சாக விட மாட்டேன்."

மேசையில் கோள்காரி தொய்ந்து கிடந்தாள். காலையிலிருந்தே கிடந்திருப்பாள், அன்றைய பரபரப்பில் நாங்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகன்தான் எழும்பிக் குசினிக்குப் போய், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.